பஞ்சுக்குச்சி எதற்கு? புராஸ்டேட் திசுப் பரிசோதனை: கேள்வி-பதில்

கேள்வி: புராஸ்டேட் திசுப் பரிசோதனைக்கு முன் ஆசனவாயில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஊசி போகப்போவது புராஸ்டேட்டுக்குத்தானே? (62 வயது, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்)

பதில்: போகும் வழியில்தான் வில்லங்கம். ஆசனவாய் வழிமுறையில் ஊசி மலக்குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு புராஸ்டேட் சுரப்பிக்குள் நுழைந்து திசுத் துணுக்கை எடுக்கிறது. அதுவும் ஒரு தடவை அல்ல, வழக்கமாக 12 தடவை. குடலில் சாதுவாகக் கிடக்கும் ஈ.கோலை கிருமி அந்த ஊசியோடு சுரப்பிக்கும் ரத்தத்துக்கும் போய்விடலாம். அதைத் தடுக்கப் பல்லாண்டுகளாகப் பெரும்பாலோருக்கு சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்தான் கொடுத்தார்கள். இன்று அதற்கு அடங்காத ஈ.கோலையைப் பலர் தெரியாமலே சுமக்கிறார்கள். உங்கள் மாதிரியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தால், எந்த ஆன்டிபயாடிக் உங்கள் கிருமிக்கு வேலை செய்யும் என்று தெரியும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால்தான் முன்கூட்டியே எடுக்கிறார்கள். கூச்சம் ஒரு நிமிடம்தான் ஐயா.

கேள்வி: போன மாதம் தஞ்சாவூர் போயிருந்தேன். வயிற்றுப்போக்குக்கு அங்கே மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். இதையெல்லாம் மருத்துவரிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்! அது ஆன்டிபயாடிக்காகவும் இருக்கலாம். சிங்கப்பூரில் மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்க முடியாது. ஊரில் கேட்டால் கிடைத்துவிடுகிறது. அண்மைய இந்தியப் பயணம், அண்மையில் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் இரண்டுமே மருந்துக்கு மசியாத கிருமி குடலில் குடியேற இடம் கொடுப்பவை. மாத்திரை அட்டை பையில் கிடந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். (மீதி மாத்திரை பெட்டியில் பத்திரமாக இருக்கும் என்பது என் ஊகம். அதை இனித் தொடாதீர்கள்.) நீரிழிவு, முன்பு வந்த சிறுநீர்த் தொற்று, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றையும் மறைக்க வேண்டாம்.

கேள்வி: என் மைத்துனருக்குப் பஞ்சுக்குச்சிப் பரிசோதனையே இல்லையாம். ஏன்?

பதில்: விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியாக அவருக்கு ஊசி விட்டுத் திசு எடுத்திருப்பார்கள். அந்த வழி குடலைத் தொடுவதில்லை. ரத்தத்தில் கிருமி பரவும் அபாயமும் வெகு குறைவு. உங்களுக்கும் அது பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பரிசோதனை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல் அடித்தால் பனடால் போடலாமா?

பதில்: சிறுநீரிலோ விந்திலோ கொஞ்சம் ரத்தம் தெரிவது வழக்கம்தான். காய்ச்சல் அப்படியல்ல. 38 டிகிரியைத் தாண்டினாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ பனடாலைப் போட்டுவிட்டு விடியட்டும் என்று படுக்காதீர்கள். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், தள்ளாடினால் ஆம்புலன்ஸுக்கு 995. திசு எடுத்த தேதியையும் கொடுத்த ஆன்டிபயாடிக்கின் பெயரையும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.