கல்மரமும் பேன்ட் பாக்கெட்டில் வந்த துண்டும்

வணக்கம் சார்,

உங்கள் பயணக் கட்டுரைகளை விடாமல் வாசிக்கிறவள். குரோம்பேட்டையில் இருக்கிறோம். போன மாதம் பௌர்ணமிக்குத் திருவக்கரை வக்ரகாளியம்மனைப் பார்க்க வேண்டும் என்று என் மாமியார் சொன்னார். சரி, அப்படியே புதுச்சேரிக்கும் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாம் என்று காரில் கிளம்பினோம். கோயிலில் நல்ல கூட்டம். தரிசனம் முடிந்து வெளியே வரும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. பக்கத்திலேயே, கல்லாக மாறிய மரங்கள் கிடக்கிற கல்மரப் பூங்கா இருப்பதாக நீங்கள் எப்போதோ எழுதியது ஞாபகம் வந்தது. நான்தான் பிடிவாதமாக எல்லோரையும் அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

உண்மையைச் சொல்கிறேன், ஏமாற்றமாக இருந்தது. செம்மண் தரை, முள்செடி, அங்கங்கே கட்டை கட்டையாகக் கல். அவ்வளவுதான். ஏழாவது படிக்கும் என் மகன், “மரம்னு எழுதியிருக்காங்க, இது கல்லுதானேம்மா” என்றான். மாமியார், கோயில் புராணத்தில் வதம் செய்யப்பட்ட வக்ராசுரன் என்ற அசுரனுடைய எலும்பு இது என்றார். அதற்கு அவன் சிரித்துவிட்டான். என் கணவர் காரை விட்டு இறங்கவே இல்லை. பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். இதே பையன் மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறையை விட்டு வர மனசில்லாமல் ஒரு மணி நேரம் நின்றவன்.

இப்படிப்பட்ட இடங்களுக்காக வண்டியைத் திருப்புவது வீண்தானா? இன்னொரு விஷயம். வீட்டுக்கு வந்து துணி துவைக்கப் போட்டபோது அவன் பேன்ட் பாக்கெட்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கல்மரத் துண்டு ஒன்று இருந்தது. கேட்டால் “சும்மா எடுத்தேன்” என்கிறான். அதை என்ன செய்வது என்று தெரியாமல் மேஜை மேல் வைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, குரோம்பேட்டை

*

அன்புள்ள சகோதரிக்கு,

வீண் இல்லை. உங்கள் ஏமாற்றத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது, ஏனென்றால் அந்த இடத்தைப் புகழ்ந்து எழுதிய நான் எந்த நேரத்தில் போக வேண்டும், போனால் எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அதை இப்போது எழுதிவிடுகிறேன்.

உச்சி வெயிலில் அந்தக் கற்களில் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் நேர் மேலேயிருந்து விழுவதால் கோடு, முடிச்சு எதற்குமே நிழல் விழாது, எல்லாம் ஒரே செம்மண் நிறத்தில் மழுங்கிப்போய்க் கிடக்கும். வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் போக வேண்டும். கையில் ஒரு பாட்டில் தண்ணீர் கூடுதலாக இருக்க வேண்டும், அது குடிப்பதற்கு இல்லை.

நான் முதல் தடவை போனது பஸ்ஸில். திண்டிவனத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, மயிலம் தாண்டிப் போனோம். கல்லூரியில் நிலவியல் சொல்லித்தரும் நண்பர் ஒருவர் கூட வந்திருந்தார். உங்கள் மகன் சொன்னதையேதான் நானும் அவரிடம் சொன்னேன், இது கல்தானே, எதை வைத்து மரம் என்கிறார்கள் என்று. அவர் பதிலே சொல்லவில்லை. தோள்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார், குறுக்கே உடைந்து கிடந்த ஒரு அடிமரத்தின் முகப்பில் கொஞ்சம் ஊற்றினார், உள்ளங்கையால் மெதுவாகத் துடைத்தார். தூசி போனதும் வளையங்கள் எழுந்து வந்தன. ஒன்றுக்குள் ஒன்றாக, சில இடத்தில் நெருக்கமாக, சில இடத்தில் விலகி, ஒரு பக்கம் கிளை முளைத்திருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி வளைந்து. மரக்கடையில் அறுத்துப் போட்ட கட்டையில் எப்படி இருக்குமோ அப்படியே. ஈரம் காயும் வரை, அந்த வெயிலில் ஒரு நிமிடம் இருந்திருக்குமா, அவ்வளவு நேரம் அது மரமாக இருந்தது. அப்புறம் மறுபடி கல்லாகிவிட்டது. அவர் பாட்டிலை என் கையில் கொடுத்தார். நான் அன்றைக்கு அந்தப் பூங்காவில் இரண்டு மணி நேரம் குந்தியபடியே நகர்ந்துகொண்டிருந்தேன்.

உங்கள் மகன் கேட்டது சரியான கேள்வி. அது கல்தான். மரத்தின் பொருள் அதில் கிட்டத்தட்ட எதுவுமே மிச்சமில்லை, அமைப்பு மட்டும் இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் வெள்ளத்தில் வேரோடு பெயர்ந்த மரங்கள் அடித்து வரப்பட்டு, மணலும் வண்டலும் மூடிப் புதைந்துபோயின. சீக்கிரமே புதைந்ததால் காற்று படவில்லை, காற்று படாததால் மக்கவில்லை. மணலுக்குள் இறங்கிய நீரில் சிலிக்கா என்ற கனிமம் கரைந்திருந்தது. அது மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுந்து, கொஞ்சம் கொஞ்சமாக மரப்பொருள் போகப் போக அந்த இடத்தில் படிந்துகொண்டே வந்தது. மெல்லிய சீவலாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இது இன்ன குடும்பத்து மரம் என்று சொல்லிவிட முடிகிற அளவுக்கு அச்சு பிசகாமல் படிந்திருக்கிறது. அப்படிப் பார்த்துத்தான் ஆமணக்குக் குடும்பம், புளியமரத்தின் குடும்பம் என்றெல்லாம் அடையாளம் கண்டிருக்கிறார்கள். நான்கு வழிச்சாலை வருவதற்கு முன்னால் திண்டிவனம் போகும் வழியெல்லாம் புளியமரம் பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

இன்னொன்றையும் அவனிடம் சொல்லுங்கள். அங்கே கிடக்கிற 200 மரங்களில், சில 15 மீட்டர் நீளம்கூட இருக்கின்றன, ஒன்றுகூட நிற்கவில்லை. எல்லாம் படுத்துத்தான் கிடக்கின்றன. கிளை இல்லை, இலை இல்லை, வேர் இல்லை. அந்த இடத்திலேயே வளர்ந்து புதைந்திருந்தால் இப்படி இருக்காது. எங்கேயோ வளர்ந்து, ஆற்றோடு வந்து, வழியில் எல்லாம் முறிந்து, மொட்டைக் கட்டையாக இங்கே வந்து ஒதுங்கியவை என்பதற்கு அதுதான் சாட்சி. ஏழாவது படிக்கிற பையனுக்குத் துப்பறியும் கதை பிடிக்குமென்றால் இதுவும் பிடிக்கும். டைனோசர்கள் அழிந்து நாலு கோடி ஆண்டுகளுக்கும் மேல் கழித்து வந்த வெள்ளம் அது. பார்க்க மனிதர் யாரும் இல்லை.

உங்கள் மாமியார் சொன்னதைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். கோயில் புராணத்தில் வக்ராசுரன் வதம் இருக்கிறது, கல்மரங்களை அவனுடைய எலும்பு என்று அந்தப் பக்கத்தில் சொல்லுவதும் உண்டு. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சுற்றுவட்டாரம் முழுக்கக் கல் இருக்கிற ஊர், கல்லையே தொழிலாகப் பார்க்கிற ஊர். அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் இந்தக் கட்டைகளைப் பார்த்து, இது சாதாரணக் கல் இல்லை, ஒரு காலத்தில் உயிரோடு இருந்த ஏதோ ஒன்று, மிகப் பெரியது, ஏதோ ஒரு பெரிய அழிவில் விழுந்து கிடக்கிறது என்று கண்டுகொண்டிருக்கிறார்கள். மைக்ராஸ்கோப் இல்லாமல், வெறும் கண்ணால். சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்து இதைப் பற்றி எழுதினார், 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பூங்காவாக்கியது. அவர்கள் எல்லோருக்கும் முன்னால் இதைக் கவனித்துப் பெயர் வைத்தவர்கள் அந்தக் கதையைச் சொன்னவர்கள்தான். பாட்டி எலும்பு என்றார், பேரன் கல் என்றான். இரண்டு பேருமே பார்த்ததைத்தான் சொன்னார்கள். அடுத்த தடவை இரண்டு பேரையும் ஒரே கட்டைக்கு முன்னால் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள்.

வெண்ணெய் உருண்டையைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். எனக்கும் அது பிடிக்கும், ஈசிஆரில் போகும்போதெல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன். சரிவான பாறையில் 250 டன் என்று சொல்லப்படுகிற ஒரு உருண்டை உருளாமல் நிற்கிறது, அதற்கு விளக்கமே தேவையில்லை, பார்த்த மாத்திரத்தில் வயிற்றைப் பிசையும். 1908-ல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கவைத்தும் அசையவில்லை என்று ஒரு கதை வேறு. கையை நீட்டித் தாங்குகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு அந்த மாதிரி இடம் கட்டாயம் வேண்டும். ஆனால் சாலையோரத்தில் இருக்கிற எல்லாமே அதுமாதிரி ஓடி வந்து கையைப் பிடிக்காது. திருவக்கரையில் நாம்தான் குனிய வேண்டும். உங்கள் கணவரை மட்டும் அடுத்த தடவை எப்படியாவது இறக்கிவிடுங்கள், ஏசி காருக்குள்ளிருந்து பார்த்தால் அது யாருக்கும் கல்தான்.

அப்புறம், நீங்கள் குரோம்பேட்டையில் இருக்கிறீர்கள் என்று படித்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். உங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் பல்லாவரம். அங்கேயும் பரங்கிமலையிலும் ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி நிற்கிற பாறைக்கு சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இறந்த ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறையில் ஒரு கருங்கல் பலகை பதித்திருக்கிறார்கள். தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லும் நம் பல்லாவரத்துக் கல்லும் ஒரே வகை என்று கண்டு, சார்னாக்கின் பெயரையே அந்தப் பாறைக்கு வைத்தார். உலகம் முழுக்க எந்த நாட்டில் இந்தப் பாறை கிடைத்தாலும் அந்தப் பெயர்தான். வயது 250 கோடி ஆண்டுகளுக்கு மேல். இதையும் திருவக்கரையைப் போலவே தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். ஏர்போர்ட் நெரிசலில் வண்டி நகராமல் நிற்கும்போது அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, எனக்கு இது நெடுநாள் வருத்தம். உங்கள் மகன் தினமும் அதைத் தாண்டித்தான் எங்கேயாவது போகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம். திருச்சிப் பக்கம் போகிற வேலை வந்தால் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரையும் விட்டுவிடாதீர்கள், 18 மீட்டர் நீளத்துக்கு ஒரே மரம், 12 கோடி ஆண்டு, 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியலாளர் கண்டறிந்தது. அந்த ஊர் அப்போது கடற்கரை என்றால் இப்போது அங்கே நின்று நம்புவது கஷ்டம்.

இனி அந்தத் துண்டு.

அவனைத் திட்டாதீர்கள். நானும் அன்றைக்கு ஒன்றை எடுத்தேன். கீழே உதிர்ந்து கிடந்ததுதான், எதையும் உடைத்து எடுக்கவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நண்பர் பார்த்துவிட்டார். எங்கே எடுத்தாய் என்று மட்டும் கேட்டார். காட்டினேன். அங்கேயே வைத்துவிட்டு வா என்றார், வைத்துவிட்டு வந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில்தான் விளக்கினார். அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்பது விதி, அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்த மரம் எந்தத் திசையில் விழுந்தது, எது எதன் பக்கத்தில் கிடக்கிறது, எந்த மண்ணுக்குள் கிடக்கிறது என்பதிலிருந்துதான் அந்த வெள்ளத்தைப் பற்றியே அவர்கள் தெரிந்துகொள்கிறார்கள். இடத்தை விட்டு வந்த துண்டுக்கு ஊர் இல்லை, பேச்சு இல்லை, வீட்டு மேஜையில் அது வெறும் கல். உதிர்ந்த துண்டுதானே என்று ஆளுக்கு ஒன்றை எடுத்தால், பௌர்ணமிக் கூட்டத்துக்கு எத்தனை நாள் தாங்கும்?

ஆகவே அது திரும்பிப் போக வேண்டும். தபாலில் அனுப்புவதெல்லாம் சரிப்படாது, அவனே கொண்டுபோய் வைக்கட்டும். அதுவரைக்கும் உங்கள் மேஜையில் இருப்பதால் ஒரு காரியம் செய்யுங்கள். இன்றைக்கு ராத்திரி ஒரு சாசரில் வைத்து, குழாய்த் தண்ணீர் கொஞ்சம் ஊற்றி, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். உங்கள் மாமியாரிடம் பழைய பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. கோடு தெரியும். நீளவாக்கில் நார் நாராக ஓடினால் அது தண்டின் பக்கவாட்டுத் துண்டு, வளைந்து ஓடினால் குறுக்குத் துண்டு. எந்தப் பக்கம் பட்டை, எந்தப் பக்கம் நடு என்று அவனே கண்டுபிடிக்கப் பார்க்கட்டும்.

தை பிறந்ததும் ஒரு சனிக்கிழமை நானும் திருவக்கரை போகிறேன். விடியும் முன் கிளம்பி, அச்சிறுபாக்கம் தாண்டி எங்கேயாவது டீ குடித்துவிட்டு, முதலில் கல்மரம், அப்புறம் கோயில் என்று திட்டம். வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். உங்களுக்கு வசதிப்பட்டால் நீங்களும் வாருங்கள், தேதியை முன்கூட்டியே எழுதுகிறேன். பெரியம்மாவுக்கு மடக்கு நாற்காலி ஒன்று என் காரில் இருக்கிறது. துண்டை ஒரு பழைய துணியில் சுற்றிப் பையன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். எந்தக் கட்டைக்குப் பக்கத்தில் எடுத்தான் என்று அவனுக்குத்தான் தெரியும்.

அன்புடன்.