மண்டபத்து மீன் லாரிக்கு எரிவாயு கட்டுப்படியாகுமா?

கேள்வி: இராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றிச் செல்லும் ஆறு சக்கர லாரிகள் இரண்டு எங்களிடம் உள்ளன. அவற்றில் பி.எஸ். 3 (வாகனப் புகைக்கான அரசு விதியின் பழைய நிலை) காலத்துப் பழைய லாரியை மாற்றவிருக்கிறேன். அதே அளவுள்ள டீசல் லாரியைவிடச் சி.என்.ஜி. (அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு) லாரி 4 லட்சம் ரூபாய் கூடுதலாகிறது. டீசலை லிட்டர் 94 ரூபாய்க்கு வாங்குகிறேன்; எரிவாயு கிலோ 90 ரூபாய் என்கிறார்கள். மாதம் 5,000 கி.மீ. ஓடும். லாபம் உண்டா? மதுரைக்குள் புகை குறையும் என்று என் மகள் சொல்வது சரியா?

பதில்: விலைப்பலகையில் தெரியும் அந்த 4 ரூபாய் வித்தியாசத்தை முதலில் மறந்துவிடுங்கள். ஒரு கிலோ எரிவாயுவில் ஏறத்தாழ 1.35 லிட்டர் டீசலுக்கு நிகரான ஆற்றல் இருக்கிறது. ஆனால் தீப்பொறியால் இயங்கும் எரிவாயு இன்ஜினின் திறன் டீசல் இன்ஜினைவிடக் குறைவு என்பதால், நடைமுறைக் கணக்குக்கு 1.15 லிட்டர் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

லிட்டருக்கு 5 கி.மீ. கொடுக்கும் லாரிக்கு மாதம் 1,000 லிட்டர் டீசல், அதாவது 94,000 ரூபாய் ஆகும். அதே வேலைக்கு எரிவாயு சுமார் 870 கிலோ, அதாவது 78,300 ரூபாய். மாதம் 15,700 ரூபாய் மிச்சம். கூடுதலான 4 லட்சத்தை 11 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 8,700 ரூபாய்.

இங்கேதான் நம் கடற்கரையின் கணக்கு மற்ற ஊர்களிலிருந்து வேறுபடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, உங்கள் லாரியும் நிற்கும், தவணை நிற்காது. பத்து மாத ஓட்டத்தில் கிடைக்கும் 1,57,000 ரூபாயிலிருந்து பன்னிரண்டு மாதத் தவணையான 1,04,400 ரூபாயைக் கழித்தால், ஆண்டுக்குச் சுமார் 52,600 ரூபாய்தான் கையில் தங்கும். டீசல் விலை மாறாமல் எரிவாயு மட்டும் 96 ரூபாயானால் அதுவும் தங்காது. 2024 அக்டோபர், நவம்பர் மாதங்களில் நகர எரிவாயு நிறுவனங்களுக்கான மலிவு விலை உள்நாட்டு எரிவாயு ஒதுக்கீட்டை மத்திய அரசு குறைத்ததை நினைத்தால், இது வெறும் கற்பனைப் பயமும் அல்ல.

நம் மாவட்டத்து மண்ணிலேயே எரிவாயு எடுக்கிறார்கள், 143 கி.மீ. நீளமுள்ள இராமநாதபுரம்–தூத்துக்குடி குழாய்ப் பாதையும் 2021 பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. அதனால் கூப்பிடு தூரத்தில் எரிவாயு கிடைத்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். ஐஸ் பெட்டியில் மீனை வைத்துக்கொண்டு பங்கில் வரிசையில் நிற்க முடியாது. மதுரையில் சரக்கை இறக்கிய பிறகு, வெறும் வண்டியாகத் திரும்பும் வழியிலேயே நிரப்ப முடியுமா என்பதைத் தொடர்ந்து ஒரு வாரம் நேரில் பாருங்கள். சிலிண்டர்களின் எடையால் ஏற்றக்கூடிய சரக்கு எவ்வளவு குறைகிறது என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒரு நடைக்கு அரை டன் குறைந்தாலும் மேற்சொன்ன மிச்சம் கரைந்துவிடக்கூடும்.

உங்கள் மகள் சொல்வது பெருமளவு சரி. பி.எஸ். 3 லாரிக்குப் பதிலாக வந்தால், சந்தைத் தெருவில் இன்ஜின் ஓடியபடி நிற்கும்போது வெளியேறும் கரித்துகள் வெகுவாகக் குறையும். ஆனால் துகள் வடிகட்டி பொருத்திய புதிய பி.எஸ். 6 டீசல் லாரியும் அந்தப் பயனில் பெரும்பகுதியைத் தந்துவிடுகிறது. பருவநிலைக் கணக்கோ இன்னும் மெல்லியது. 1,000 லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2,680 கிலோ கரியமில வாயு வெளியேறும். 870 கிலோ எரிவாயு எரிந்தால் சுமார் 2,390 கிலோ. எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேன், எரியாமல் வெளியேறினால், நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பதால், மாதம் வெறும் 10 கிலோ கசிந்தாலே அந்த 290 கிலோ மிச்சம் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும்.

திரும்பும் வழியில் நிரப்ப வசதி உறுதியானால், கூடுதல் தொகையில் பாதியையாவது கைப்பணமாகக் கட்டிச் சி.என்.ஜி. லாரியை வாங்கலாம், முழுவதும் கடனில்தான் என்றால் பி.எஸ். 6 டீசல் லாரியே உங்களுக்குப் பொருந்தும். இரண்டாவது லாரியை எப்படியும் டீசலிலேயே வைத்திருங்கள்.