ஸ்லிப்புக்கு ஒரு வரி போதாது: அக்குமுலேட்டர் கணக்கு பற்றிக் கேள்வி பதில்

கணக்குத் தணிக்கை என் பிழைப்பு, கால்பந்து என் பலவீனம். இரண்டும் சேர்ந்ததால் நான் கட்டிய ஒவ்வொரு பந்தயத்துக்கும் என்னிடம் எழுத்தில் கணக்கு இருக்கிறது. பல ஆட்டங்களை ஒரே ஸ்லிப்பில் (பந்தயச் சீட்டில்) கோத்து, எல்லாம் சரியானால்தான் பணம் என்று கட்டுகிற அக்குமுலேட்டருக்கு எப்படிக் கணக்கு எழுதுவது என்று பலர் கேட்டதால் இன்று உட்கார்ந்திருக்கிறேன். (இங்கிலாந்துக்காரர்கள் இதைச் சுருக்கி 'அக்கா' என்பார்கள். எனக்கு நிஜமாகவே ஓர் அக்கா உண்டு, அதனால் அந்தச் சொல் இங்கே வராது.) யார் ஜெயிப்பார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்பீர்கள், தெரியும்.

பெஞ்சுப் பையன்: அண்ணே, ஒரு வருடமாகத் தேதி, கட்டிய பணம், வந்த பணம் மூன்றையும் எழுதி வருகிறேன். நஷ்டம் என்று தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை.

தம்பி, நீங்கள் எழுதுவது சிட்டை. எவ்வளவு போனது என்பதைச் சொல்லும், ஏன் போனது என்பதைச் சொல்லாது. ஐந்து ஆட்டம் உள்ள ஸ்லிப் தோற்றால் உங்கள் நோட்டில் 'போச்சு' என்று ஒரு வரி. ஆனால் அதற்குள் நீங்கள் ஐந்து முறை முடிவெடுத்திருக்கிறீர்கள். நான்கு சரியாகி ஒன்று தவறியதும், ஐந்தும் தவறியதும் உங்கள் நோட்டில் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஆகவே ஸ்லிப்பில் உள்ள ஒவ்வொரு லெக்குக்கும், அதாவது கோத்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும், தனி வரி. ஸ்லிப் எண், லீக், ஆட்டம், எதன்மேல் கட்டினீர்கள் (வெற்றி, டிரா, 2.5 கோலுக்கு மேல், இரு அணியும் கோல்), கட்டியபோது இருந்த ஆட்ஸ் (ஜெயித்தால் கட்டிய பணம் எத்தனை மடங்காகத் திரும்பும் என்ற எண்), ஆட்டம் தொடங்கும் நேரத்து ஆட்ஸ், நடக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்ற உங்கள் மதிப்பீடு, ஒரே வரியில் காரணம், முடிவு. இன்னொரு கட்டமும் வேண்டும்: அந்த லெக்கை ஸ்லிப்பில் எத்தனையாவதாகச் சேர்த்தீர்கள். பார்க்க அற்பமாகத் தெரியும், ஆனால் என் கணக்கில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த கட்டம் அதுதான். முதல் இரண்டும் நான் யோசித்துப் போட்டவை. நான்காவதும் ஐந்தாவதும் 'தொகை கொஞ்சம் ஏறட்டுமே' என்று போட்டவை. காரணக் கட்டத்தில் அவற்றுக்கு எதிரே 'நல்ல ஃபார்ம்' என்று எழுதியிருப்பேன், அதாவது காரணம் ஏதும் இல்லை.

ஏன் லெக் கணக்கு? ஒவ்வொன்றும் 1.50 ஆட்ஸில் ஆறு லெக் என்று வையுங்கள். ஆறையும் பெருக்கினால் மொத்த ஆட்ஸ் 11.39. ஒவ்வொன்றுக்கும் உண்மையான வாய்ப்பு 64% என்றால், ஸ்லிப் முழுதும் ஜெயிக்க வாய்ப்பு 7%க்குச் சற்றுக் குறைவு. 100 ஸ்லிப்பில் சராசரி ஏழு. ஆனால் அது நான்காகவும் வரும், பத்தாகவும் வரும், இரண்டும் சாதாரண அதிர்ஷ்டத்துக்குள்தான். நான்கு வந்தால் கட்டிய 100க்கு 46 திரும்பும், பத்து வந்தால் 114. திறமை ஒன்றே, ஆனால் ஒருவர் தன்னை முட்டாள் என்பார், மற்றவர் வேலையை விடலாமா என்று யோசிப்பார். அதே 100 ஸ்லிப்பில் 600 லெக் இருக்கின்றன. அவற்றில் சரியானவை பெரும்பாலும் 62 முதல் 66 சதவீதத்துக்குள் நிற்கும். எதையாவது நம்பலாம் என்றால் அந்த எண்ணை நம்பலாம்.

ஒன்று மட்டும்: மதிப்பீட்டை விசில் ஊதும் முன் எழுதுங்கள். ஆட்டம் முடிந்தபின் எழுதுவது மதிப்பீடு அல்ல, நினைவுக் குறிப்பு.

ஆஃப்சைடு ராஜா: எக்செல்லா, செயலியா, காகித நோட்டா?

எதில் விடாமல் எழுதுவீர்களோ அதில். சதவீதம் போட எக்செல் வசதி.

நள்ளிரவு ரசிகர்: இன்று இரவுக்கு உறுதியான ஐந்து ஆட்டம் சொல்லுங்களேன்.

இல்லை.

கணக்கு டீச்சர்: ஆட்ஸ் நியாயமாக இருந்தால் தனித்தனியாகக் கட்டினாலும் கோத்துக் கட்டினாலும் நீண்ட காலத்தில் ஒன்றுதானே?

நியாயமாக இருந்தால் ஒன்றுதான், டீச்சர். ஆனால் அது நியாயமாக இருப்பதில்லை. ஓர் ஆட்டத்துக்குச் சொந்த மைதான அணி 2.00, டிரா 3.40, வெளியூர் அணி 3.80 என்று ஆட்ஸ் இருந்தால் 100ஐ ஒவ்வொன்றாலும் வகுத்துச் சதவீதமாக்கிப் பாருங்கள்: 50, 29.4, 26.3. கூட்டினால் 105.7. நூறுக்கு மேல் இருக்கிற 5.7தான் புக்கியின் கூலி. அது மூன்றிலும் சமமாகப் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், தனியாக 100 கட்டுகிறவருக்குச் சராசரியாக 94.6 திரும்பும்.

கோக்கும்போது ஆட்ஸ் மட்டும் பெருகுவதில்லை, அந்தக் கூலியும் பெருகுகிறது. இதேபோல் ஐந்து லெக் என்றால் 1.057ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும், 1.32 வரும். திரும்புவது சராசரியாக 76. ஒரு முறை கட்டியதாக நினைக்கிறோம், கூலி ஐந்து முறை போகிறது. பந்தய நிறுவனங்கள் அக்குமுலேட்டரை ஏன் முகப்பில் வைத்து விளம்பரம் செய்கின்றன என்று யாராவது கேட்க நினைத்தால் இதுதான் பதில். '5 லெக்குக்கு 10% போனஸ்' என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம்: 76 என்பது 83 ஆகும், அவ்வளவுதான்.

இதற்கும் கணக்கில் இடம் உண்டு. ஒவ்வொரு ஆட்டத்தின் இந்தக் கூட்டுத்தொகையையும் எழுதி வைத்தால் எந்த லீக்கில், எந்த வகைப் பந்தயத்தில் கூலி அதிகம் என்று இரண்டே மாதத்தில் கண்ணில் படும்.

கோல்கம்பம்: சார், என் பிரச்சினை வேறு. எனக்கு ஆட்டம் தெரியும். பாதி ஸ்லிப் ஒரே ஒரு லெக்கில்தான் போகிறது, அதுவும் 90வது நிமிடத்தில். இது திறமைக்கு அடையாளம் இல்லையா?

இல்லை. ஐந்து லெக், ஒவ்வொன்றுக்கும் 70% வாய்ப்பு. ஐந்தும் சரியாக வர 16.8%. சரியாக ஒன்று மட்டும் தவற 36%. அதாவது 'ஒன்றில் போனது' வெற்றியைவிட இரண்டு மடங்குக்கு மேல் வரும். இந்த ஸ்லிப்பில் அதிகம் வரக்கூடிய முடிவே அதுதான்.

இடது விங்: இது அநியாயம். ஐந்தில் நான்கு சரியாகச் சொல்கிறவரையும் ஒன்றுமே தெரியாதவரையும் ஒன்றாகப் பேசுகிறீர்கள்.

நான் அப்படிச் சொல்லவில்லை. 1.40 ஆட்ஸ் உள்ள அணிகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் ஐந்தில் மூன்றோ நான்கோ வரும், அதனால்தான் அவற்றின் ஆட்ஸ் 1.40. நான்கு சரியானது சாதனையா என்பதை ஆட்ஸோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

கோல்கம்பம்: அப்படியானால் பலவீனமான அந்த ஒரு லெக்கைக் கழற்றிவிட்டால் போதுமே?

எது பலவீனம் என்று கட்டும் முன் தெரியுமா, கட்டியபின் தெரியுமா?

இடது விங்: அனுபவத்தில் தெரியும்.

அனுபவத்தில் தெரியும் என்றால் அந்த லெக்குக்கு எதிரே குறைந்த சதவீதம் எழுதியிருப்பீர்கள். எழுதியிருக்கிறீர்களா? விசில் ஊதும் முன்?

கோல்கம்பம்: சிவப்பு அட்டை, 93வது நிமிட பெனால்டி, இதெல்லாம் எந்தக் கணக்கில் வரும்? 'துரதிர்ஷ்டம்' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். அவற்றைக் கழித்தால் நான் லாபத்தில் இருக்கிறேன்.

இந்தக் கட்டத்தைத்தான் தணிக்கையில் சிவப்பு மையால் சுழிப்போம். உங்களுக்குச் சாதகமாக வந்த 93வது நிமிட கோல்களை எந்தக் கட்டத்தில் எழுதினீர்கள்? 'திறமை' கட்டத்திலா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததும், காக்கை பறக்கப் பனம்பழம் விழுந்ததும் ஒரே வகைதான். கட்டம் வைத்தால் இரு பக்கத்துக்கும் வையுங்கள்.

பார்வையாளர்: மூன்று பேரும் இதையே பேசினால் எங்கள் கேள்வி என்னாவது?

சரி, சரி. கோல்கம்பம், உங்கள் ஸ்லிப்புகளை எடுத்து எத்தனை முழுதாக வந்தன, எத்தனை ஒன்றில் போயின என்று எண்ணுங்கள். எண்ணிக்கையோடு வாருங்கள், பேசலாம்.

சேமிப்பு ஆட்டக்காரர்: பாதியில் கேஷ் அவுட் செய்தால், அதாவது ஸ்லிப் முடியும் முன்பே நிறுவனம் தரும் தொகையை வாங்கிக்கொண்டு விலகினால், எப்படி எழுதுவது?

இரண்டு வரியாக: வாங்கிய தொகை, வாங்காமல் இருந்திருந்தால் வந்திருக்கும் தொகை. எந்த நிமிடம் என்பதும். ஐந்தில் நான்கு வந்துவிட்டது, முழுத்தொகை 900, கடைசி லெக்குக்கு 60% வாய்ப்பு என்றால் அந்த ஸ்லிப்பின் மதிப்பு 540. அவர்கள் 500 தருவார்கள். வித்தியாசம் இன்னொரு கூலி. 'அன்று நல்லவேளை எடுத்தேன்' என்ற கதைகள் மட்டும்தான் நினைவில் நிற்கும், ஆகவே எழுதுங்கள்.

நள்ளிரவு ரசிகர்: ஐந்து வேண்டாம், ஒரே ஒரு ஆட்டம்?

இல்லை.

புதுவரவு: ஆட்டம் தள்ளிப்போனால்? இலவசப் பந்தயம் கிடைத்தால்?

தள்ளிப்போனதை வழக்கமாக 1.00 ஆட்ஸாக எடுத்து மற்றவற்றைப் பெருக்குவார்கள். வரியை அழிக்காமல் 'ரத்து' என்று எழுதுங்கள். எத்தனை நாளுக்குள் நடந்தால் செல்லும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், விதியைப் படியுங்கள். இலவசப் பந்தயத்தில் பெரும்பாலும் கட்டுத்தொகை திரும்பாது, லாபம் மட்டும் வரும். அதைத் தனித் தாளில் வையுங்கள், கலந்தால் உங்கள் லாப சதவீதம் பொய் சொல்லும்.

பழைய கணக்கு: 2019 முதலான எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டலாமா?

2020 மே மாதம் ஜெர்மனியின் பண்டஸ்லிகா காலி மைதானத்தில் மீண்டும் தொடங்கியது, மற்ற பெரிய லீக்குகள் பின்தொடர்ந்தன. ரசிகர்கள் இல்லாதபோது சொந்த மைதான அனுகூலம் குறைந்தது. அந்தக் காலத்தைத் தனியாக வையுங்கள், இல்லையென்றால் 'வெளியூர் அணிகளில் நான் கெட்டிக்காரன்' என்ற தப்பான முடிவுக்கு வருவீர்கள்.

இரட்டிப்பு: தோற்றால் அடுத்த ஸ்லிப்பில் இரண்டு மடங்கு கட்டினால் ஒரு நாள் எல்லாம் திரும்பி வருமே?

மேலே சொன்ன ஆறு லெக் ஸ்லிப்பில் தொடர்ந்து 30 முறை தோற்க ஏறத்தாழ 12% வாய்ப்பு. அதற்கெல்லாம் முன்பே, பத்தே தோல்வியில் அடுத்த ஸ்லிப்புக்கு 1024 மடங்கு கட்ட வேண்டியிருக்கும். நோட்டில் இதற்குக் கட்டம் கிடையாது.

லெஸ்டர் நினைவு: 2015-16 பருவத்தில் லெஸ்டர் சிட்டி இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பட்டம் வென்றதே, 5000க்கு 1 ஆட்ஸில்? அதையும் எந்தக் கணக்கும் சொல்லவில்லையே?

வந்ததால் நினைவிருக்கிறது. மற்றப் பருவங்களில் அப்படிப்பட்ட ஆட்ஸில் வராமல் போன அணிகளின் பட்டியலை எழுதிப் பாருங்கள்.

ஜன்னல் சீட்: ஆட்டம் தொடங்கும் நேரத்து ஆட்ஸ் எதற்கு? நாம் கட்டிவிட்டோமே.

நல்ல கேள்வி. அந்த நேரத்துக்குள் அணிப் பட்டியல், காயம், பெரிய பணம் எல்லாம் ஆட்ஸில் ஏறியிருக்கும். நீங்கள் 1.50க்கு எடுத்தது 1.40 ஆனால் சந்தை உங்கள் பக்கம் வந்தது, 1.60 ஆனால் உங்களுக்கு எதிராகப் போனது. முடிவு எதுவானாலும் இது உண்மை. அதிர்ஷ்டத்தின் சத்தம் இதில் குறைவு என்பதால் சில நூறு லெக்கிலேயே பலன் தெரியும்.

ஆனால் ஏமாறாதீர்கள். ஐந்து லெக்கிலும் 1.50க்கு எடுத்து எல்லாம் 1.45இல் முடிந்தால் மொத்தத்தில் 18% மேலான ஆட்ஸ் வாங்கியிருக்கிறீர்கள். பெருமைதான். ஆனால் டீச்சருக்குச் சொன்ன அந்த 1.32? லெக்குக்கு 5.7% கூலி என்றால், 1.50க்கு எடுத்தது 1.42க்கு இறங்கினால்தான் கைக்கும் வாய்க்கும் சரி. ஐந்திலும். ஒவ்வொரு வாரமும். அப்படி ஒருவரால் முடிந்தால் அவர் ஏன் கோக்க வேண்டும், தனித்தனியாகக் கட்டலாமே என்பது என் கேள்வி.

பெயர் வேண்டாம்: ஐயா, நோட்டு எழுதினேன். கூட்டிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. பாதிப் பணம் கடன். வீட்டில் தெரியாது. கணக்கைச் சரியாக வைத்தால் மீட்டுவிடலாமா?

மீட்க முடியாது, அதற்கு இந்த நோட்டு உதவாது. இனி லெக் எல்லாம் எழுத வேண்டாம். ஒரே ஒரு பக்கம்: யாருக்கு எவ்வளவு தர வேண்டும். கணக்கை நிரந்தரமாக மூடும் வசதி, தன்னைத்தானே தடை செய்துகொள்ளும் வசதி பல நிறுவனங்களில் உண்டு, இன்றே செய்யுங்கள். பிறகு அந்தப் பக்கத்தை வீட்டில் நீங்கள் நம்புகிற ஒருவரிடம் காட்டுங்கள். சொல்வதுதான் கஷ்டம், காட்டுவது கொஞ்சம் எளிது. சூதாட்டப் பழக்கத்துக்கு ஆலோசகர்கள் இருக்கிறார்கள், தயங்காமல் போங்கள். வேறெந்தக் கேள்விக்கும் முன்னால் உங்களுடையது வந்திருக்க வேண்டும், தாமதமாகப் பார்த்தேன்.

சட்டம்: என் ஊரில் இது சட்டப்படி சரியா?

வக்கீலிடம் கேளுங்கள். தடை என்றால் தடைதான், நோட்டு எழுதினால் சரியாகிவிடாது.

சந்தேகம்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இவ்வளவு எழுதும் நீங்கள் லாபத்தில் இருக்கிறீர்களா?

அக்குமுலேட்டரில் இல்லை. பத்தாவது மாதம் கூட்டிப் பார்த்துவிட்டுக் கோப்பதை நிறுத்தினேன். இப்போது பல வாரங்கள் பணம் கட்டாமல் மதிப்பீட்டை மட்டும் எழுதுகிறேன். 70% என்று நூறு முறை எழுதியதில் உண்மையில் எழுபது வருகிறதா, அறுபதுதானா என்று பார்ப்பதில் எனக்கு ஆட்டத்தைவிடச் சுவை அதிகம். மனைவிக்கு இது புரியவில்லை, ஆனால் செலவில்லை என்பதால் விட்டுவிட்டாள்.

நள்ளிரவு ரசிகர்: அந்த மதிப்பீட்டில் இன்றைக்கு…

விசில் ஊதும் முன் நீங்களே எழுதுங்கள்!

கோல்கம்பம்: சார், எண்ணிவிட்டேன். ஐந்து லெக் ஸ்லிப் 40. எல்லாம் 1.40 பக்கம். முழுதாக வந்தது 6. ஒன்றில் போனது 15.

70% வாய்ப்பில் 40க்கு எதிர்பார்ப்பது ஏழுக்குச் சற்றுக் குறைவு, ஒன்றில் போவது பதினான்கு சொச்சம். நீங்கள் ஓர் அதிர்ஷ்டம் கெட்ட மனிதர் அல்ல, சரியான சராசரி மனிதர். 1.40 ஐந்து முறை 5.38. ஆறு வெற்றிக்கு 32. கட்டியது 40.

கோல்கம்பம்: துரதிர்ஷ்டக் கட்டத்தை அழித்துவிட்டேன்.

அழிக்காதீர்கள், கோடு போட்டு அடியுங்கள். கணக்கில் எதையும் அழிக்கக் கூடாது.