ஒன்பது நாள் வசூல், பன்னிரண்டு மாதச் சம்பளம்
வாசகர் கேள்வி – பதில்: தொழில்முறை ரக்பி கிளப்புகளின் நிதிநிலை

கேள்வி: இங்கிலாந்தின் முதல்நிலை ரக்பி லீக்கான பிரீமியர்ஷிப்பில் ஊஸ்டர் வாரியர்ஸ், வாஸ்ப்ஸ், லண்டன் ஐரிஷ் ஆகிய மூன்று கிளப்புகள் ஒன்பது மாதத்துக்குள் விழுந்துவிட்டன. கொரோனா முடக்கத்தைச் சிலர் காரணமாகச் சொல்கிறார்கள். நிர்வாகச் சீர்கேடு என்கிறார்கள் வேறு சிலர். எது சரி?

பதில்: இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அவை எப்போது விழுவது என்பதைத்தான் முடிவு செய்தன; ஏன் விழுந்தன என்பதற்கான விடை அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்குகிறது. ஆட்டக்காரர்களுக்குப் பணம் தரலாமா என்ற சச்சரவில் 1895-இல் ரக்பி இரண்டாகப் பிளந்தது. பணம் கூடாது என்ற பிரிவான ரக்பி யூனியன் சரியாக நூறு ஆண்டுகள் அந்தத் தடையைக் காத்து, 1995 ஆகஸ்டில் ஏறக்குறைய ஒரே நாளில் அதைக் கைவிட்டது. சம்பளம் உடனே வந்துவிட்டது. அந்தச் சம்பளத்தைத் தாங்கும் வருமானம் மட்டும் வரவில்லை. சிறிய மைதானமும் சந்தா கட்டும் உறுப்பினர்களும் ஊதியமில்லாமல் உழைக்கும் தொண்டர்களுமாக இருந்த கிளப்புகள், ஒரே இரவில் முதலாளிகளாக மாற வேண்டியிருந்தது.

கணக்கை ஒருமுறை அருகில் வைத்துப் பாருங்கள். பத்து அணிகள் கொண்ட லீக்கில் ஓர் அணிக்கு 18 ஆட்டங்கள். அவற்றில் சொந்த மைதானத்தில் 9. ஐரோப்பியப் போட்டிகளையும் கோப்பை ஆட்டங்களையும் சேர்த்தாலும் நுழைவுச்சீட்டு, உணவு, பானம், வாகன நிறுத்தம் என்று கல்லாவில் காசு விழும் நாள்கள் ஆண்டுக்குப் பதினைந்தைத் தாண்டுவது அரிது. மற்ற நாள்களில் அரங்கம் பூட்டிக்கிடக்கிறது; ஆனாலும் புல் வளர்கிறது, காவலுக்கு ஆள் வேண்டும், மின்கட்டணம் வருகிறது. களத்தில் இறங்குவோர் 15 பேர், மாற்று வீரர்கள் 8 பேர். எலும்பும் தசைநாரும் அடிக்கடி முறிகிற இந்த ஆட்டத்தில், தேசிய அணியும் வந்து ஆளைக் கூட்டிக்கொண்டு போகும் என்பதால், கிளப் நாற்பது பேருக்கு மேல் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் அனைவருக்கும் சம்பளம் பன்னிரண்டு மாதமும் உண்டு. இந்தப் பள்ளத்தை ஒவ்வோர் ஆண்டும் உரிமையாளர் தம் பையிலிருந்து நிரப்புகிறார். அந்தப் பணம் கணக்கேட்டில் பெரும்பாலும் கிளப் அவருக்குத் தர வேண்டிய கடனாக ஏறுகிறது. அன்றாட வாழ்க்கையிலோ அது வருமானம் போலவே செலவழிகிறது. அவர் சலித்துப்போகும் நாளில்தான் அது வருமானமே அல்ல என்பது எல்லோருக்கும் தெரியவருகிறது.

ஊஸ்டர் 2022 மே மாதம் பிரீமியர்ஷிப் கோப்பையை (லீக் பட்டம் அல்ல, அதே கிளப்புகளுக்கான தனிக் கோப்பைப் போட்டி) வென்றது. அதே ஆகஸ்டில், கட்டாத வரிக்காகக் கிளப்பைக் கலைக்கும்படி பிரிட்டிஷ் வரித்துறை மனுச் செய்தது. செப்டம்பர் 26 அன்று கிளப் நொடிப்பு நிர்வாகியின் கைக்குப் போனது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வழங்குவதற்கென்றே தனியாக ஒரு நிறுவனம் வைத்திருந்தார்கள். அக்டோபர் 5 அன்று உயர் நீதிமன்றம் அதைக் கலைத்து உத்தரவிட்டதும், வீரர்கள், பணியாளர்கள் பலருடைய ஒப்பந்தங்கள் அத்துடன் முடிந்தன. ஐந்து மாதத்துக்கு முன் கோப்பையைத் தூக்கிய அணி அது. லண்டன் ஐரிஷ் விஷயமும் ஏறத்தாழ இதுதான். 2022-23 பருவத்தில் ஐந்தாம் இடம் பிடித்த அந்த அணியை ஓர் அமெரிக்கக் குழு வாங்குவதாக இருந்தது. கெடு நீட்டிக்கப்பட்டும் விற்பனை நிறைவேறாமல், 2023 ஜூன் 6 அன்று லீக்கிலிருந்து இடைநிறுத்தப்பட்டது. அதற்கு அடுத்த பிரிவில் 2023-இல் பட்டம் வென்ற ஜெர்சி ரெட்ஸ், அந்தச் செப்டம்பரிலேயே கடையைக் கட்டியது. வெற்றிக்கும் கையிருப்புக்கும் தொடர்பு இருக்கும் என்று நாம் இயல்பாக நினைத்துக்கொள்கிறோம். ரக்பியில் அந்த நினைப்புக்கு ஆதாரம் மிகக் குறைவு.

வாஸ்ப்ஸ் கதை சற்று வேறு. பூட்டிக்கிடக்கும் மைதானம் என்ற சிக்கலைத் தீர்க்கத்தான் அவர்கள் முயன்றார்கள் என்பதால், எனக்கு அவர்கள்மீது கொஞ்சம் இரக்கம் உண்டு. 1867-இல் தொடங்கிய அந்தக் கிளப், 2014 டிசம்பரில் கோவென்ட்ரியிலுள்ள 32,000 இருக்கை அரங்கத்துக்குக் குடிபெயர்ந்து, அதை நடத்தும் நிறுவனத்தையும் வாங்கியது. கண்காட்சி, மாநாடு, இசை நிகழ்ச்சி என ஆண்டு முழுவதும் அரங்கம் சம்பாதித்துக் கொடுக்கும் என்பது கணக்கு. அதற்காக 2015-இல் 6.5 சதவீத வட்டிக்கு 3.5 கோடி பவுண்டு கடன் பத்திரம் வெளியிட்டார்கள். பத்திரம் வாங்கியவர்களில் ரசிகர்களும் உண்டு. 2022 மே மாதம் அசலைத் திருப்ப வேண்டும். இடையில் வந்த கொரோனா கண்காட்சியையும் மாநாட்டையும் ஆட்டத்தோடு சேர்த்தே நிறுத்திவிட்டது. தவணை தவறியது, அக்டோபர் 17 அன்று கிளப் நொடித்தது, 167 பேர் வேலை இழந்தார்கள்.

கேள்வி: ஆட்டக்காரர் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறதே, பிறகும் ஏன் நட்டம்?

பதில்: உச்சவரம்பு என்பது எல்லோருக்கும் பொதுவான ஒரு கூரை. அந்தக் கூரையை எட்டும் அளவுக்கு எல்லோரிடமும் பணம் இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. பிரீமியர்ஷிப்பில் அது 64 லட்சம் பவுண்டாக இருந்தது. கொரோனாவுக்குப் பின் 2021-22 முதல் 50 லட்சமாகக் குறைத்தார்கள். 2024-25-இல் மீண்டும் 64 லட்சத்துக்கே ஏற்றிவிட்டார்கள். மூன்று கிளப்புகளை அடக்கம் செய்த பிறகு வந்த ஏற்றம் இது! இங்கே குறைவாகக் கொடுத்தால் நல்ல ஆட்டக்காரர் பிரான்ஸுக்கோ ஜப்பானுக்கோ போய்விடுவார் என்று அவர்கள் சொன்ன வாதம் பொய்யல்ல. ஆனால் கையில் இல்லாத பணத்தில் போட்டி போடுவதற்கு அது நியாயமாகிவிடாது. வரம்புக்குள் சேராத நட்சத்திர வீரர், உள்ளூரில் வளர்த்த வீரருக்கான சலுகை என்று விலக்குகளும் உண்டு. எனவே உண்மையான சம்பளச் செலவு வரம்பைத் தாண்டியே நிற்கும்.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு சாரசென்ஸ் சான்று. லீக் பட்டங்களை வென்ற இரண்டு பருவங்கள் உட்பட மூன்று பருவங்களில் வரம்பை மீறியதற்காக, 2019 நவம்பரில் அந்த அணிக்கு 35 புள்ளிகள் வெட்டும் 53.6 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதமும் விதித்தார்கள். அந்தப் பருவத்தின் முடிவில் அது கீழ்ப் பிரிவுக்குப் போனது. வென்ற பட்டங்களைப் பறிக்கவில்லை. போட்டியாளர்கள் இன்றும் முணுமுணுப்பது அதைப் பற்றித்தான்.

தரமிறக்க பயத்தில்தான் கிளப்புகள் அளவுக்கு மீறிச் செலவழிக்கின்றன என்று ஒரு வாதம் உண்டு. 2019-இல் நியூகாசில் இறங்கியதற்குப் பிறகு, 2025 வரை, கடைசி இடம் பிடித்ததற்காக எந்தக் கிளப்பும் பிரீமியர்ஷிப்பிலிருந்து இறக்கப்படவில்லை. நட்டம் அதனால் குறைந்துவிடவில்லை. பயத்தைவிட ஆசைக்குச் செலவு அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: பிரான்ஸில் மட்டும் கிளப் ரக்பி செழிக்கிறதே, அவர்களுடைய ரகசியம் என்ன?

பதில்: ரகசியம் என்று ஒன்றைச் சொல்ல முடியாது, மூன்று நான்கு காரணங்கள் ஒன்றாக அமைந்திருக்கின்றன. முதலில் எளிய எண்ணிக்கை. அங்கே 14 அணிகள், 26 சுற்றுகள், சொந்த மண்ணில் 13 ஆட்டங்கள்; இங்கிலாந்தைவிட நான்கு வசூல் நாள்கள் கூடுதல். இரண்டாவது தொலைக்காட்சி. 2023 முதல் 2027 வரையிலான ஒப்பந்தத்தில் கனால் ப்ளஸ் பருவத்துக்கு 11 கோடி யூரோவுக்கு மேல் தருகிறது. காற்பந்து ஒளிபரப்பு உரிமையில் அங்கே நேர்ந்த குழப்பங்களை நினைத்துப் பார்த்தால், ஒரே ஒளிபரப்பாளர் ஒரே விளையாட்டை இத்தனை காலம் பிடித்துக்கொண்டிருப்பதே பெரும் பேறு. மூன்றாவது, தென்மேற்குப் பகுதியின் பல ஊர்களில் ரக்பிக்குப் போட்டியாகக் காற்பந்து இல்லை. சுமார் 40,000 பேர் வாழும் காஸ்த்ர் என்ற ஊரின் அணி 2013-இலும் 2018-இலும் நாட்டின் பட்டத்தை வென்றிருக்கிறது. மைதானம் பெரும்பாலும் நகராட்சியுடையது. அதைக் கட்டிய கடன் கிளப்பின் தலையில் இல்லை.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, பல் உள்ள ஒரு காவல்காரன். டி.என்.ஏ.சி.ஜி. என்ற பெயரில் அறியப்பட்ட நிதிக் கண்காணிப்பு அமைப்பு, ஒவ்வொரு கிளப்பின் வரவு செலவுத் திட்டத்தையும் பருவம் தொடங்கும் முன்பே வாங்கிப் பார்த்தது. ஓட்டை இருந்தால் அதை நிரப்பும் பணம் எங்கே என்று கேட்கும். காட்ட முடியாதவருக்குப் புது ஒப்பந்தம் போடத் தடை, புள்ளி வெட்டு, கடைசியில் கீழ்ப் பிரிவுக்கு அனுப்புதல் என்று படிப்படியாகக் கை வைக்கும். 2010-இல் நொடித்துப்போன மோந்தபான் முதல் பிரிவிலிருந்து நேராகத் தொழில்முறை அல்லாத பிரிவுக்குத் தள்ளப்பட்டது. கொடுமையாகத் தெரியலாம். ஆனால் பருவத்தின் நடுவே, பாதி ஆட்டங்கள் ஆடிய நிலையில், எதிரணிகளின் புள்ளிக் கணக்கையும் சீட்டு வாங்கியவர்களின் பணத்தையும் குலைத்துக்கொண்டு விழுவதைவிட, கோடையிலேயே முடிவு தெரிந்துவிடுவது எல்லோருக்கும் நல்லதுதான்.

இதைப் படித்துவிட்டு அங்கே எல்லாம் இலாபத்தில் ஓடுகிறது என்று எண்ணிவிடாதீர்கள். பிரெஞ்சுக் கிளப்புகளிலும் பல ஆண்டுதோறும் நட்டத்தில்தான் முடிகின்றன. காஸ்த்ருக்குப் பின்னால் பியேர் ஃபாப்ர் மருந்து நிறுவனம் நிற்கிறது. கிளெர்மோனுக்கும் மிஷ்லான் டயர் நிறுவனத்துக்கும் உள்ள உறவு நூறாண்டைக் கடந்தது. ஓட்டையை யார் அடைப்பார் என்பது பருவம் தொடங்கும் முன்பே எழுத்தில் இருக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

கேள்வி: கிளப்புகளை அந்தந்த நாட்டு ரக்பிச் சங்கமே நடத்திவிட்டால் என்ன?

பதில்: அயர்லாந்தில் கிட்டத்தட்ட அப்படித்தான். நான்கு மாகாண அணிகளும் சங்கத்தின் கீழ் இயங்குகின்றன. முன்னணி வீரர்கள் சிலருக்குச் சங்கமே நேரடியாகச் சம்பளம் தருகிறது. தேசிய அணியின் ஆட்டங்களில் அரங்கம் நிரம்பும்வரை அது ஓடும். வேல்ஸில் அதே வழி இத்தனை இனிமையாக அமையவில்லை. 2003-இல் ஐந்து வட்டார அணிகளை உருவாக்கினார்கள். மறு ஆண்டே ஒன்றை மூடினார்கள். 2025 ஏப்ரலில் கார்டிஃப் நொடித்து, சங்கமே அதை வாங்க வேண்டியதாயிற்று. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் ரெபெல்ஸ் 2024 ஜனவரியில் நொடித்தபோது, சங்கம் அதைத் தூக்கி நிறுத்தவில்லை. அந்தப் பருவத்தோடு மூடிவிட்டது.

கேள்வி: முதலீட்டு நிறுவனங்கள் உள்ளே வந்ததால் பயன் உண்டா?

பதில்: 2018 டிசம்பரில் சிவிசி நிறுவனம் 20 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து, பிரீமியர்ஷிப்பின் வணிக உரிமையில் 27 சதவீதத்தை வாங்கியது. கிளப்புகளுக்குக் கிடைத்தது ஒருமுறைப் பணம். விட்டுக்கொடுத்தது ஆண்டுதோறும் வரும் பங்கு. அந்தப் பணத்தை அரங்கத்திலோ நிலத்திலோ போட்டிருந்தால் வேறு கதை. சம்பளத்திலும் பழைய கடனிலும் கரைத்தவர்களுக்கு, கொரோனா வந்தபோது பணமும் இல்லை, பங்கும் இல்லை.

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் படிக்கிறான், அங்குள்ள ஒரு கிளப்பின் தீவிர ரசிகன். அது தடுமாறுகிறதா என்பதை வெளியிலிருந்து அவன் எப்படி அறிந்துகொள்வது?

பதில்: அங்கே நிறுவனங்களின் ஆண்டுக் கணக்கை அரசின் நிறுவனப் பதிவகமான கம்பெனிஸ் ஹவுஸ் இணையதளத்தில் யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம். இலாப நட்டக் கணக்குக்கு முன்பாகத் தணிக்கையாளரின் குறிப்பைப் படிக்கச் சொல்லுங்கள். கிளப் தொடர்ந்து இயங்குமா என்பது உரிமையாளரின் ஆதரவைப் பொறுத்தது என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தால், ஒரு தனிமனிதரின் மனநிலைதான் அந்தக் கிளப்பின் மூலதனம். அடுத்து மைதானம் கிளப்பின் பெயரில் இருக்கிறதா, உரிமையாளரின் வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணக்கைத் தாக்கல் செய்யக் காலம் தாழ்த்துவதும் நல்ல அறிகுறியல்ல.

மூன்றாவதாக, கட்ட வேண்டிய வரி. ஆட்டக்காரரின் சம்பளத்தில் பிடித்த வருமான வரியைக் கிளப் அரசுக்குச் செலுத்த வேண்டும். கை கடிக்கும்போது வங்கி கடன் தராது, ஆட்டக்காரர் காத்திருக்கமாட்டார். வரித்துறை மட்டும்தான் சில மாதங்கள் பொறுக்கும். அதனால் திணறும் கிளப் முதலில் நிறுத்துவது அந்தத் தொகையைத்தான். ஊஸ்டரிலும் வாஸ்ப்ஸிலும் வரித்துறைதான் முதலில் கதவைத் தட்டியது; மெல்பர்னிலும் பெரிய தொகை வர வேண்டியிருந்தவர்களில் ஒருவர் வரித்துறையே.

கடைசியாக, அடுத்த பருவத்துக்கான சீட்டை வழக்கத்தைவிட முன்கூட்டியே, தள்ளுபடியும் கொடுத்து விற்கிறார்களா என்று அவன் கவனிக்கட்டும். அந்தப் பணத்தில் இந்த மாதச் சம்பளம் போகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். கிளப் நொடித்தால், முன்பணம் கட்டிய ரசிகர், பிணை ஏதுமில்லாமல் கிளப்பிடமிருந்து பணம் வர வேண்டியவர்களின் வரிசையில்தான் நிற்பார். கடன் அட்டையில் கட்டியிருந்தால் அட்டை நிறுவனத்திடம் திருப்பிக் கேட்க அங்கே சட்டத்தில் வழியிருக்கிறது. ஆகவே சீட்டு வாங்குவதானால் கடன் அட்டையிலேயே வாங்கச் சொல்லுங்கள்.