வாசகர் கேள்வி-பதில்: ஸ்கிரீன் பிரிண்டிங்கில் சட்டமும் மெஷ் விறைப்பும்

கேள்வி: கறுப்பு டி-ஷர்ட்டில் 43 மெஷ் (சட்டத்தில் இழுத்து ஒட்டிய வலைத்துணி) வைத்து வெள்ளை பிளாஸ்டிசால் (சூட்டில் இறுகும் மை) அடிக்கிறேன். நான்கு தடவை இழுத்தும் அடித்துணி தெரிகிறது, எழுத்தின் ஓரமும் பிசிறடிக்கிறது. மையை மாற்றிப் பார்க்கலாமா?

பதில்: மையை அப்படியே வைத்திருங்கள். சென்டிமீட்டருக்கு 43 இழை, அதாவது அங்குலக் கணக்கில் 110, கருந்துணியில் வெள்ளை அடிக்கப் பொருத்தமான மெஷ்தான். நான்கு இழுப்பு தேவைப்படுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மெஷ்ஷின் விறைப்பை.

வேறொருவரை ஸ்குவீஜி (மையை மெஷ் வழியே தள்ளும் ரப்பர் பட்டை) இழுக்கச் சொல்லிவிட்டு, குனிந்து மெஷ் மட்டத்தில் கண்ணை வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். நல்ல ஸ்கிரீனில் ரப்பர் விளிம்பு தொடும் அந்த ஒரு கோடு மட்டும்தான் துணியில் படிந்திருக்கும். ரப்பர் நகர்ந்ததும் பின்னால் மெஷ் உடனே எழும்பிவிடும். தொய்ந்த ஸ்கிரீனில் ரப்பருக்குப் பின்னால் நாலு விரல் அகலத்துக்கு மெஷ் மையிலேயே ஒட்டிக் கிடந்து, மெல்ல மெல்லப் பிரியும். பிரியும்போது துளைக்குள் இருந்த மையில் ஒரு பங்கைத் தன்னோடே எடுத்துக்கொண்டு போகும். போதவில்லையே என்று கையை அழுத்தினால் மை துணியின் மேல் நிற்காமல் நூலுக்குள் இறங்கிவிடும். வெள்ளை சாம்பலாகத் தெரிவதும், ஓரம் பிசிறுவதும் இதனால்தான். விறைப்பான மெஷ்ஷில் ஒரு தடவை அடித்து, ஃபிளாஷ் காட்டி (சூட்டில் மையை லேசாக இறுகவிட்டு), இன்னொரு தடவை அடித்தாலே பெரும்பாலான வேலைக்குப் போதும்.

ஸ்கிரீனுக்கும் துணிக்கும் நடுவில் விடும் இடைவெளியையும் அளந்து பாருங்கள். 1.5 முதல் 3 மி.மீ. போதுமானது. மெஷ் எழும்பவில்லை என்று பலர் இதை 6 மி.மீ. வரை ஏற்றிவிடுகிறார்கள். இடைவெளி இரண்டு மடங்கானால் மெஷ் நீளும் அளவு ஏறக்குறைய நான்கு மடங்காகும். படமும் அதோடு சேர்ந்து இழுபடும். தொய்வை இடைவெளியால் ஈடுகட்டவே முடியாது.

கேள்வி: மெஷ்ஷின் விறைப்பை அளக்க டென்ஷன் மீட்டர் வாங்கியிருக்கிறேன். எந்த இடத்தில் வைத்து அளப்பது, எத்தனை நியூட்டன் இருக்க வேண்டும்?

பதில்: முதலில் மீட்டருடன் வரும் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து முள்ளைச் சரிசெய்யுங்கள். இதைத் தவிர்த்தால் மற்ற எல்லா அளவும் வீண். பிறகு நடுவிலும், சட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நான்கு மூலைப் பக்கத்திலும், ஒவ்வோர் இடத்திலும் பாவு (நீள நூல்) திசையில் ஒரு தடவை, ஊடை (குறுக்கு நூல்) திசையில் ஒரு தடவை அளக்க வேண்டும். நடுவில் பாவு 21, ஊடை 15 என்று காட்டினால் அந்த ஸ்கிரீனை 21 என்று எழுதாதீர்கள். அது ஒரு பக்கம் தொய்ந்த ஸ்கிரீன்.

மெஷ் ஒட்டிய அலுமினியச் சட்டத்தில் சென்டிமீட்டருக்கு 20 முதல் 25 நியூட்டன் நல்ல நிலை. 15-க்குக் கீழே போனால் மெஷ்ஷைப் பிரித்துப் புதிதாக மாட்டுங்கள். மேல் எல்லையை நூலின் தடிமன்தான் தீர்மானிக்கிறது. 43 மெஷ்ஷின் 80 மைக்ரான் நூல் தாங்கும் இழுப்பை 120 மெஷ்ஷின் 34 மைக்ரான் நூல் தாங்காது. மெஷ் தயாரிப்பாளரின் அட்டவணையில் உள்ள உச்சத்தைத் தாண்ட வேண்டாம். விரலால் தட்டிச் சத்தத்தை வைத்து முடிவு செய்வதையும் விட்டுவிடுங்கள். சட்டத்தின் அளவு மாறினாலே சத்தம் மாறும்.

கேள்வி: மூன்று நிற வேலையில் பேலட்டில் (துணியை விரிக்கும் பலகை) பொருத்தும்போது சரியாக இருக்கிறது, அடித்தால் ஒரு நிறம் மட்டும் விலகுகிறது. ஏன்?

பதில்: அந்த ஒரு ஸ்கிரீனை மற்ற இரண்டோடு சேர்த்து அளந்து பாருங்கள். இரண்டு 22-இலும் ஒன்று 14-இலும் இருந்தால், ரப்பர் போகும் திசையில் அந்த ஒன்றில் மட்டும் படம் தள்ளப்படும். அடிக்காமல் பொருத்திப் பார்க்கும்போது இது கண்ணில் படாது. ஒரு வேலைக்கான எல்லா ஸ்கிரீனும் ஒன்றுக்கொன்று 2 நியூட்டனுக்குள் இருக்க வேண்டும். மூன்றுமே 18 என்றால் கவலையில்லாமல் அடிக்கலாம். 25, 24, 15 என்றால் வேண்டாம்.

கேள்வி: மரச்சட்டம் போதாதா?

பதில்: ஒற்றை நிறத்தில் தடித்த எழுத்து, குறைந்த எண்ணிக்கை என்றால் போதும். ஒவ்வொரு தடவை கழுவும்போதும் மரம் நீர் குடித்து ஊதும், காய்ந்து சுருங்கும், கொஞ்ச நாளில் முறுக்கிக்கொள்ளும். தட்டையான கண்ணாடி மேல் வைத்து மூலையை அழுத்துங்கள். ஆடினால் அந்தச் சட்டத்தில் நுணுக்க வேலை நடக்காது. அலுமினியம் என்றாலும் மெல்லிய சுவருள்ள குழாய் வேண்டாம். மெஷ்ஷின் இழுப்பில் நீளப் பக்கம் உள்வாங்கி, நடுவில் விறைப்பு விழுந்துவிடும்.

கேள்வி: A4 அளவுப் படத்துக்கு எவ்வளவு பெரிய சட்டம்?

பதில்: படத்தின் அகலத்துக்கு இரு பக்கமும் 8 முதல் 10 செ.மீ., மேலும் கீழும் 12 முதல் 15 செ.மீ. மெஷ் காலியாக இருக்கட்டும். A4 21 × 29.7 செ.மீ. என்பதால் உள்ளளவு சுமார் 40 × 56 செ.மீ. வரும். ஸ்குவீஜி படத்தைவிட இரு பக்கமும் 2 செ.மீ. நீண்டால் போதும். ரப்பரின் முனை சட்டத்தை நெருங்கினால் அங்கே மெஷ் வளையாது, ஓரத்தில் மை சரியாக இறங்காது.

கேள்வி: நானே மெஷ் இழுத்து ஒட்டுகிறேன். 25-இல் ஒட்டினால் மறுநாள் 20 காட்டுகிறது. சில சமயம் மூலையில் கிழிகிறது.

பதில்: பாலியஸ்டர் நூல் இழுத்தபின் தளரும். முதல் நாளில் 10 முதல் 20 சதவீதம் குறைவது வழக்கம்தான். ஒரே மூச்சில் 25-க்குப் போகாமல் 15-இல் நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள், பிறகு 20, மறுபடி பத்து நிமிடம், கடைசியாக 25. ஒட்டுவதற்கு முன் இன்னொரு தடவை அளந்து, விழுந்ததை ஏற்றிவிட்டு ஒட்டினால் மறுநாள் இழப்பு குறையும்.

ஒட்டும் பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடையுங்கள். மெஷ் சட்டத்தில் எல்லா இடத்திலும் படிய வேண்டும். பசை தடவியதும் ஒரே சீராக ஈரமாகத் தெரிந்தால் படிந்திருக்கிறது. வெளிறித் தெரியும் இடத்தில் காற்று நிற்கிறது, அங்கே எடை வையுங்கள். பசை முழுக்க இறுகும்வரை, மெஷ்ஷை இழுத்துப் பிடிக்கும் கிளிப்பைத் தளர்த்தக் கூடாது.

மூலைக் கிழிசலுக்குக் காரணம், இரண்டு திசை இழுப்பும் அங்கே சேர்வது. கிளிப்புகளை மூலை வரை நெருக்காமல் சற்று முன்பே நிறுத்தி, மூலையில் மெஷ்ஷைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். சட்டத்தின் உள்விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, கூர்மை தட்டுப்பட்டால் அரத்தால் மழுக்கிவிட்டு அடுத்த மெஷ்ஷை மாட்டுங்கள்.