ஆற்றில் கிடைத்த மலைக்கல் ஆடுகிறது, அடியை வெட்டலாமா?

கேள்வி: ஜப்பானில், நகோயாவில் வேலை பார்க்கிறேன். போன மாதம் கிஃபு பக்கம் இபி ஆற்றங்கரையில் ஒரு கறுப்புக் கல் கிடைத்தது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிக நீளம். பார்த்தால் தூரத்து மலைத்தொடர் மாதிரியே இருக்கிறது, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு அருவி போல இறங்குகிறது. ஆனால் அடிப்பக்கம் புடைத்திருப்பதால் மேசையில் வைத்தால் ஆடுகிறது. அடியை வெட்டி, வார்னிஷ் அடித்து வரவேற்பறையில் வைக்கலாமா?

பதில்: வெட்ட வேண்டாம். வார்னிஷ் வேண்டவே வேண்டாம். உங்களுக்குக் கிடைத்திருப்பது நல்ல கல் போலத் தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன்.

ஜப்பானியர்கள் இதைச் சுய்செகி என்கிறார்கள். நீர், கல் என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்த சொல். இயற்கை தானாகச் செதுக்கிய ஒரு கல்லுக்குள் மலையையோ தீவையோ அருவியையோ பார்ப்பதுதான் இந்தக் கலை. உங்களுடையது போன்ற தூரத்து மலைக்கல்லுக்குத் தோயாமா-இஷி என்று பெயர், அருவி விழும் கல்லுக்குத் தாகி-இஷி. இபி ஆறு இந்தக் கற்களுக்குப் பெயர்போன ஆறுதான்.

அடி ஆடுவது குறையே இல்லை. ஆற்றில் உருண்ட கல்லுக்கு அடி எப்படித் தட்டையாக இருக்கும்? அந்தப் புடைப்பைத் தாங்கத்தான் இரண்டு வழிகள் வைத்திருக்கிறார்கள்: ஒன்று மணல் பரப்பிய தட்டு, இன்னொன்று கல்லுக்கென்றே குடைந்த மரப்பீடம். அடி வெட்டிய கற்கள் ஜப்பானிலும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் வெட்டாத கல்லுக்கு இருக்கும் மதிப்பு அதற்கு வராது. அதைவிட, வெட்டிய இடத்தில் மலை திடீரென்று அறுந்து நிற்கும். கத்தியால் நறுக்கிய கேக் துண்டு மாதிரி. வெட்டிய பிறகு ஒட்டவைக்கவும் முடியாது.

முதலில் கழுவுங்கள். வெறும் தண்ணீர், நைலான் பிரஷ், அவ்வளவுதான். கம்பி பிரஷ் கீறல் போடும். அமிலம், வினிகர் எதுவும் பக்கத்திலேயே வரக் கூடாது, ஏனென்றால் அந்த வெள்ளைக் கோடு குவார்ட்ஸாக இருந்தால் தப்பிக்கும், கால்சைட்டாக இருந்தால் அமிலம் அதைக் கரைத்துவிடும், உங்கள் அருவியே போய்விடும். பழகிய புதிதில் நான் ஒரு கல்லுக்கு வார்னிஷ் அடித்தேன். பளபளப்பில் கல் பிளாஸ்டிக் போல ஆகி, அதைச் சுரண்டி எடுக்கப் போய் மேல்தோலும் போய்விட்டது. அந்தக் கல் இன்னும் என்னிடம் இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும்.

கழுவியதும் பீடத்துக்கு ஓடாதீர்கள். ஒரு பெரிய தட்டில் மணலையோ அரிசியையோ கொட்டி, அதில் கல்லை ஊன்றி, நீங்கள் கீழே உட்கார்ந்து கண்மட்டத்தில் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் அது கல், கண்மட்டத்தில் பார்த்தால்தான் மலை. கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள், முன்னால் சாய்த்துப் பாருங்கள், பின்னால் சாய்த்துப் பாருங்கள், இன்னும் ஒரு விரற்கடை ஆழமாகப் புதையுங்கள். கல்லின் முகம், அதாவது பார்ப்பவர் பக்கம் திரும்ப வேண்டிய முன்பக்கம், எது என்று தெரிய ஒரு வழி உண்டு: இரண்டு முனைகளும் நம்மை அணைக்க வருவது போல லேசாக முன்னால் வளைந்திருந்தால், பெரும்பாலும் அதுவே முகம். உயரமான சிகரம் நட்டநடுவில் வராமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் நல்லது. ஒரே நாளில் முடிவு செய்யாதீர்கள். இரண்டு வாரம் அப்படியே மேசையில் இருக்கட்டும், காலை வெளிச்சத்தில் ஒரு மலை தெரியும், சாயங்காலம் வேறொன்று தெரியும்.

முகம் முடிவானதும், முதல் கல்லுக்குச் சுய்பன்தான் என் யோசனை. சுய்பன் என்றால் ஆழமில்லாத, வடிகால் துளை இல்லாத பீங்கான் தட்டு. நீளம் கல்லைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கட்டும். கஞ்சத்தனமாகச் சின்னத் தட்டு வாங்கினால் மலையைச் சுற்றிக் காற்றே இருக்காது. பொடியான மணலை நன்றாகக் கழுவிச் சலித்துப் பரப்புங்கள், பளிச்சென்ற வெள்ளை வேண்டாம், மங்கலான நிறம் போதும். கல்லை நடுவில் வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி வையுங்கள். மலைச்சரிவு எந்தப் பக்கம் நீண்டு இறங்குகிறதோ அந்தப் பக்கம் அதிக இடம் விடுங்கள். மணலை ஸ்கேலால் சமன்படுத்தி, கல்லின் மேல் மெதுவாகத் தண்ணீர் தெளியுங்கள். கல் கறுத்து ஆழ்ந்து நிற்கும், மணல் ஏரியாகிவிடும். கோடையில் இதைப் பார்த்தாலே உடம்பு குளிரும்.

மரப்பீடத்துக்குப் பெயர் தாய்ஸா. செய்பவர்களிடம் கொடுத்துச் செய்யலாம், பொறுமை இருந்தால் நீங்களே குடையலாம். வால்நட் பலகை உளிக்கு வசமாக இருக்கும். கல்லைப் பலகை மேல் நிறுத்தி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரையுங்கள். கல்லின் அடியில் கலர் சாக்பீஸைத் தேய்த்துக் குழிக்குள் வைத்து எடுத்தால் எங்கே இடிக்கிறது என்று மரத்தில் தெரியும், அந்த இடத்தை மட்டும் செதுக்குங்கள். இப்படி ஐம்பது அறுபது தடவை செய்ய வேண்டி வரும், அப்புறம்தான் கல் அசையாமல் உட்காரும். கால்களைக் கல் வெளியே புடைத்து வரும் இடங்களுக்குக் கீழே வையுங்கள். நிறம் அடர் பழுப்பு, பளபளப்பு கூடாது. பார்ப்பவர் கண் பீடத்துக்குப் போகக் கூடாது.

வார்னிஷுக்குப் பதில் என்ன என்று கேட்பீர்கள். காலம்தான். யோசெகி என்று ஒரு பழக்கம் இருக்கிறது: கல்லை வெளியே பெஞ்சில் வெயில் மழைபட வைத்து, தினமும் தண்ணீர் ஊற்றி, அவ்வப்போது திருப்பி, வருஷக்கணக்கில் வளர்ப்பார்கள். மெல்ல ஒரு பழமை நிறம் ஏறும். கையால் தடவுவதும் நல்லதே. விரிசல் உள்ள கல்லானால் உறைபனி நாட்களில் மட்டும் உள்ளே எடுத்துவிடுங்கள், விரிசலில் புகுந்த தண்ணீர் உறைந்தால் கல் பிளக்கும்.

இன்னொன்று. அடுத்த முறை எடுக்கும் முன் அந்த ஆற்றைக் கவனிக்கும் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். தேசியப் பூங்காக்களின் சிறப்புப் பகுதிகளில் அனுமதியில்லாமல் கல் எடுப்பது சட்டப்படி குற்றம். கிஃபுவில் நெயோதானி என்ற இடத்தில் இருக்கும், செவ்வந்திப்பூ போன்ற கோலம் கொண்ட கற்கள் அரசு பாதுகாக்கும் சிறப்பு இயற்கைச் சின்னம், அங்கே கை வைக்கவே கூடாது.

நகோயாவிலேயே இருக்கிறீர்கள், தொகுகாவா கலை அருங்காட்சியகம் பக்கத்தில்தான். 14ஆம் நூற்றாண்டுப் பேரரசர் கொதாய்கோ தன்னோடு வைத்திருந்ததாகச் சொல்லப்படும் ‘கனவின் மிதக்கும் பாலம்’ என்ற கல் அவர்களிடம் இருக்கிறது. அதைக் காட்சிக்கு வைக்கும் நாட்களை விசாரித்துக்கொண்டு போங்கள். உங்கள் கல்லை எங்கே வைப்பது என்பதற்கு: டிவிக்குப் பக்கத்தில் வேண்டாம், வெறும் சுவர் முன்னால், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில். பின்னால் படம் மாட்ட ஆசைப்பட்டால் நிலாப் படமோ பறவைப் படமோ இருக்கட்டும், மலைப் படம் வேண்டாம், மலை ஏற்கனவே தட்டில் இருக்கிறதே.