போஸ்ட்மார்ட்டம் செய்யாமல் புதைத்த மாட்டுக்கு நிவாரணம் கிடைக்குமா?

கேள்வி: ஊத்தங்கரை பக்கம் எங்கள் கிராமம். முந்தாநாள் ராத்திரி கனமழையில் கொட்டகைச் சுவர் இடிந்து ஒரு கறவை மாடு, அதன் கன்று, நான்கு வெள்ளாடுகள் செத்துவிட்டன. நாற்றம் எடுக்கும் என்று நேற்றுக் காலையிலேயே புதைத்துவிட்டோம். இப்போது போஸ்ட்மார்ட்டம் சான்று கேட்கிறார்கள். மாடு என் மாமியார் பேரில் கடனில் வாங்கியது. பணம் கிடைக்குமா?

பதில்: வாய்ப்பு இருக்கிறது அம்மா. ஆனால் இன்றைக்கே கிளம்ப வேண்டும்.

பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 விதிப்படி பசு அல்லது எருமைக்கு 37,500 ரூபாய், கன்றுக்கு 20,000, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 ரூபாய். உங்கள் கணக்கு 73,500 ரூபாய். ஒரு வீட்டுக்குப் பெரிய கறவை மூன்று வரைதான், ஆடு 30 வரை. மழை, வெள்ளம் மாதிரியான பேரிடரில் செத்தால்தான் இந்தப் பணம். நோயில் செத்த மாட்டுக்கு இதில் வழியில்லை. அதனால்தான் சாவுக்குக் காரணம் என்ன என்ற சான்றை இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்.

முதலில் வி.ஏ.ஓ.வைக் கூட்டிவந்து இடிந்த சுவரையும் புதைத்த குழியையும் காட்டுங்கள். சுவரை அதுவரை அள்ளாதீர்கள். பக்கத்து வீட்டார் இரண்டு மூன்று பேர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். அப்புறம் கால்நடை மருந்தகத்துக்குப் போய், குழியைத் தோண்டிப் பரிசோதிக்க முடியுமா என்று டாக்டரிடமே கேளுங்கள். ஒரு நாள்தான் ஆகியிருக்கிறது, கேட்பதில் தப்பில்லை. முடியாது என்றால் மாட்டின் காதுத்தோட்டில் இருந்த 12 இலக்க எண், சினை ஊசி போட்ட பதிவு, பால் சங்கத்துப் புத்தகம், யாராவது கைபேசியில் எடுத்த படம், எல்லாவற்றையும் மனுவோடு வைத்துத் தாசில்தாரிடம் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். அங்கே நகரவில்லை என்றால் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் அந்தச் சீட்டைக் காட்டலாம்.

மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் டாக்டர் உடனே வந்துசேர முடியாது. வரும்வரை செத்த மாட்டைத் தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள். தோடு தெரிகிற மாதிரி முகத்தையும், இடிந்த சுவரோடு சேர்த்து முழு உடலையும் படம் எடுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குப் போன் போடுங்கள். பாடுபட்டு வளர்த்த மாடு அது, ஒரு படம் இல்லாமல் அதன் நிவாரணம் போவதை என்னால் தாங்க முடியவில்லை.

கடனில் வாங்கிய மாடு என்கிறீர்கள், அப்படியானால் இன்சூரன்ஸ் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். கடன் கொடுத்த இடத்தில் இன்றே கேளுங்கள். அதற்குக் காதுத்தோடுதான் உயிர். தோட்டோடு புதைத்துவிட்டீர்கள் என்றால், குழி தோண்டும்போது டாக்டர் முன்னிலையில் அதை எடுத்து வையுங்கள்.

மனு உங்கள் மாமியார் பேரிலேயே இருக்கட்டும். பணம் அவர் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஆதார் இணைந்திருக்கிறதா, கணக்கு முடங்காமல் இருக்கிறதா என்று போகிற வழியில் வங்கியிலும் பார்த்துவிடுங்கள்.